இரண்டு ஹோட்டலுக்கும் சமமான பசி

கோணக்கரைக்காரர்கள் எந்தக் காரியத்தையும் சொன்னபடி செய்வார்கள். அதுதான் அவர்களிடம் உள்ள சிக்கல்.

அந்த ஊர் ஆவுடையப்பனுக்கு ஒரு முடிவு எடுப்பதற்குள் மூன்று பருவம் கடந்துவிடும். கல்யாணத்தைத் தையில் வைப்பதா மாசியில் வைப்பதா என்று அவர் யோசித்ததிலேயே மகள் செண்பகவல்லிக்கு வந்த இரண்டு வரன்கள் கைநழுவின. மூன்றாவது வரனின் அப்பா தளவாய் கறாரான ஆள்.

"டவுன்ல பெரிய ஹோட்டல் ரெண்டு இருக்கு. நிச்சயதார்த்தத்தை எதுல வைக்கலாம்னு பார்த்துச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு வருவேன். அப்பவும் பதில் இல்லைன்னா இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை ஆவுடையப்பன் கிளம்பினார். துணைக்கு மைத்துனன் பூலுடையாரும் பக்கத்து வீட்டுக் கொம்பையாவும். வாசலில் மனைவி ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள்: "ரெண்டு ஹோட்டல்லயும் ஒரே பசியோட உட்காருங்க. அப்பத்தான் எது நல்லதுன்னு நியாயமாத் தெரியும்."

முதலில் ஏரிக்கரை ஹோட்டல். மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்குத் தட்டு. அதன் நடுவில் எலுமிச்சங்காய் அளவுக்குச் சோறு, சுற்றிப் பச்சையாக ஒரு கோடு. கொம்பையா கையை நீட்டினார். ஆவுடையப்பன் அதைப் பிடித்துக்கொண்டார்.

"இரும். இங்க சாப்பிட்டா பசி தீர்ந்துருமே. அடுத்த ஹோட்டலுக்குப் பசிக்கு எங்க போறது?"

மூவரும் தட்டைப் பார்த்தபடி யோசித்தார்கள்.

"பாதிப் பசிக்குச் சாப்பிடுவோம் அத்தான்" என்றார் பூலுடையார்.

"பாதிப் பசியோட அங்க போனா, முழுப் பசி பார்த்த ஹோட்டல் இதுன்னு ஆகும். அது ஓரவஞ்சனை இல்லையா மாப்ளே?"

ஆகவே சாப்பிடவில்லை. முகர்ந்தார்கள். எழுந்து நின்றும் பார்த்தார்கள். பரிமாறுகிறவர் கலவரத்தோடு வந்தார்.

"சாப்பாட்டுல ஏதாவது குறையா சார்?"

"ஒரு குறையும் இல்ல. அதனாலதான் தொடல."

"ஆறிப்போகுதே சார்."

"ஆறட்டும். அங்கயும் ஆற வைக்கச் சொல்லிருவோம்."

இதற்குள் கொம்பையா மெத்தை நாற்காலியில் இருபது நிமிடம் அயர்ந்து தூங்கிவிட்டார். பூலுடையார் கடிகாரத்தைப் பார்த்து அதைக் குறித்துக்கொண்டார்.

அடுத்தது பத்துமாடி ஹோட்டல். அதே சாப்பாட்டைக் கேட்டார்கள். அதேபோல் முகர்ந்தார்கள், நின்று பார்த்தார்கள், ஆறவிட்டார்கள். பிறகு பூலுடையார் சொன்னார்: "கொம்பையா, இப்ப இருபது நிமிஷம் தூங்கும்."

"தூக்கம் வரலையே. இருந்ததை அங்கேயே தூங்கிட்டேன்."

ஆவுடையப்பனுக்கு வியர்த்தது. மகளின் வாழ்க்கை இந்த மனுஷனின் கண்ணிமையில் தொங்குகிறதே என்று நினைத்தார். "தூங்க வேண்டாம், கண்ணையாவது மூடும்" என்று கெஞ்சினார். கொம்பையா மூடினார். அடுக்களையிலிருந்து வந்த சமையல்காரர், தட்டையும் மூடிய கண்ணையும் பார்த்து முகம் வாடிப்போனார்.

"ஒரு வாய் மட்டும் சாப்பிட்டுப் பாருங்களேன்."

"அங்க ஒரு வாயும் சாப்பிடலையே. இங்க சாப்பிட்டா நியாயம் என்னாகும்?" என்றார் ஆவுடையப்பன் மிகுந்த மரியாதையோடு.

ஆறு மணிக்குத் தளவாய் வந்தார். ஆவுடையப்பன் அப்போதும் பட்டினிதான். எத்தனை முறை மனசுக்குள் நிறுத்துப் பார்த்தும் இரண்டு தட்டும் சமமாகவே நின்றன. ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைக்கலாமா? சொன்னால், பாவம், மற்றதற்குச் செய்யும் துரோகம் அல்லவா?

"சம்பந்தி, ரெண்டுக்கும் ஒரு பருக்கைகூட வித்தியாசம் இல்ல. ஒண்ணைச் சொல்ல எனக்கு மனசு வரல."

உள்ளே செண்பகவல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவ்வளவு நியாயமான மனுஷனை நான் பார்த்ததில்ல" என்றார் தளவாய். "அப்ப ஒண்ணு செய்வோம். நீங்க ஏரிக்கரைல நிச்சயத்தை வைங்க. நாங்க பத்துமாடில வைக்கிறோம்."

தளவாயும் அதே ரகம் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

நிச்சயதார்த்தம் அன்று பெண் வீட்டார் ஏரிக்கரையிலும் மாப்பிள்ளை வீட்டார் பத்துமாடியிலும் தாம்பூலத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நல்ல நேரம் பன்னிரண்டு மணி வரைதான். பதினொன்றரை ஆகியும் தட்டு மாற்ற எதிரில் ஆள் இல்லை. நாம்தானே போகவேண்டும் என்று ஆவுடையப்பன் எல்லோரையும் கிளப்பினார். அதே நேரத்தில் தளவாயும் அங்கே தம் கூட்டத்தைக் கிளப்பினார்.

கடைத்தெருவின் நடுவில் இரண்டு கூட்டமும் நேருக்கு நேர் வந்தன. செண்பகவல்லியும் மாப்பிள்ளையும் கைக்கெட்டும் தூரத்தில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு தட்டும் கிட்டத்தட்ட இடித்துக்கொண்டன.

"என்ன சம்பந்தி, இந்தப் பக்கம்?" என்றார் ஆவுடையப்பன்.

"உங்க ஹோட்டலுக்குத்தான். தட்டு மாத்தணும்ல. நீங்க?"

"நாங்க உங்க ஹோட்டலுக்கு."

"நல்லதாப் போச்சு. நேரம் இன்னும் கால் மணிதான் இருக்கு. தெருவில நின்னு பேச வேண்டாம். நீங்க போய் எங்க ஹோட்டல்ல உட்காருங்க, நாங்க போய் உங்க ஹோட்டல்ல உட்காருறோம்."

ஆவுடையப்பனுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நொடியில் முடிவெடுத்தார்.

"சரி சம்பந்தி" என்று கும்பிட்டார்.

எதிர்த்தரப்பைக் காக்கவைத்தால் மரியாதையாக இருக்காது என்று இரண்டு கூட்டமும் நடையை எட்டிப் போட்டன.