சிங்காரிக்கு வந்த காய்ச்சல்

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கு வாய் இருந்தது. வாய் இருந்து என்ன செய்ய? லீவு கேட்கத்தான் ஒருத்தருக்கும் தைரியம் இல்லை.

செடிகளுக்கெல்லாம் சூரியன்தான் முதலாளி. விடிந்ததும் இலையை விரித்துச் சமையலைத் தொடங்க வேண்டும். அவர் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கும்வரை கை ஓயக் கூடாது. கூலி, வேருக்குத் தண்ணீர். வேலை செய்யாத அன்று தண்ணீரும் கிடையாது. காய்ச்சலில் படுத்தால் மட்டும் தண்ணீரோடு லீவு. முதலாளி உச்சியில் இருப்பவர், ஒவ்வொரு செடியாகக் கவனிக்க அவருக்கு நேரம் ஏது? அதற்காக வேலி மேல் ஒரு மேஸ்திரியை வைத்திருந்தார். ஓணான்தான். சிவந்த கழுத்து, ஆடாத அசையாத தலை. "பிறந்ததிலேர்ந்து நான் ஒரு நாள் லீவு போட்டதில்லை" என்று எதிரே வருகிற எறும்பிடம்கூட நிறுத்தி வைத்துச் சொல்வார். எறும்பு பாவம், அதற்கு ஆயிரம் வேலை.

வரப்போரத்தில் சிங்காரி என்று ஒரு சின்னச் செடி இருந்தாள். ஒரு நாள் விடியலில் அவளுக்கு முதல் பூ பூத்தது. இளஞ்சிவப்பில், பஞ்சு உருண்டை மாதிரி. கண்ணைத் திறந்ததும் அது "அம்மா" என்றது. சிங்காரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆனால் அவள் குலத்துப் பூ காலையில் மலர்ந்தால் மாலையில் வாடிவிடும். பிள்ளையோடு இருக்க அந்த ஒரு பகல்தான். அந்தப் பகல் முழுக்க வேலை!

"மேஸ்திரி ஐயா, இன்னிக்கு ஒரு நாள் லீவு வேணுங்க."

"என்ன, காய்ச்சலா?"

"இல்லீங்க. பிள்ளை பிறந்திருக்கு. சும்மா பக்கத்துல இருக்கணும்."

"சும்மாவா!" ஓணானின் கழுத்து இன்னும் சிவந்தது. "சும்மா இருக்கிறதுக்கு யாராவது கூலி குடுப்பாங்களா? எனக்கும்தான் பிள்ளைங்க பிறந்துச்சு. ஒண்ணோட முகமும் எனக்குத் தெரியாது. நான் லீவா கேட்டேன்? இலையை விரி, போ!"

பக்கத்தில் நின்ற ஆவாரை குனிந்து கிசுகிசுத்தாள். "அட அசடே! உண்மையைச் சொல்லி யாருடி லீவு வாங்கியிருக்கா? காய்ச்சல்னு சொல்லு. தென்றல் வந்தப்ப நான் அப்படித்தான் வாங்கினேன்."

"எனக்குப் பொய் சொல்ல வராதுக்கா."

"பிள்ளை முகத்தைப் பார்த்துக்கிட்டுச் சொல்லு, வரும்."

சிங்காரி பூவைப் பார்த்தாள். பிறகு, "ஐயா... காய்ச்சல்..." என்றாள். குரல் தந்தியடித்தது.

ஓணான் வேலியிலிருந்து இறங்கி வந்தார். "இப்பத்தானே நல்லாப் பேசினே? எங்கே, தொட்டுப் பார்க்கிறேன்."

தொட்டார். அவ்வளவுதான்! பொய் சொன்ன வெட்கத்தில் சிங்காரி குறுகிப்போனாள். தொட்ட இலை மூடியது, அடுத்த இலை மூடியது, காம்பே தொங்கிவிட்டது.

"ஐயையோ, பொண்ணு என் கண் முன்னாலேயே போயிடும் போலிருக்கே! தண்ணீரோட லீவு! தண்ணீரோட லீவு!" என்று கத்திக்கொண்டே ஓணான் வேலிக்கு ஓடினார்.

"பொய் வராதுன்னியேடி! நீ எனக்கே பாடம் எடுப்பே" என்று ஆவாரை வாயைப் பிளந்தாள்.

ஓணான் போய்விட்டாரா என்று சிங்காரி ஒவ்வோர் இலையாகத் திறந்து பார்த்தாள். பிறகென்ன, ஒரே கொண்டாட்டம்தான். இலையால் பிள்ளைக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினாள். எறும்பு ஊர்வலம் காட்டினாள். "அந்த மேகம் ஏம்மா சும்மா நிக்குது?" என்று பூ கேட்டபோது, "அதுவும் லீவுல இருக்கு, கண்ணு" என்றாள். ஒரு பருக்கை சமைக்கவில்லை.

பொழுது சாயும் நேரம். 'பாவம், பிழைத்தாளோ என்னவோ' என்று ஓணான் புல் மறைவில் வந்து எட்டிப் பார்த்தார். சிங்காரி அத்தனை இலையும் விரித்து ஜம்மென்று நின்றாள். ஓணானுக்குக் கோபம் பொங்கியது. கத்த வாயைத் திறந்தார்.

"இன்னிக்கு ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லி, வாடிக்கொண்டிருந்த பூ தாய்மேல் சாய்ந்தது.

ஓணானின் வாய் திறந்தபடியே நின்றது. மணலில் பொரித்து எங்கெங்கோ ஓடிப்போன தன் பிள்ளைகளை நினைத்தார். வேலியில் எதிரே வரும் குட்டிகளில் எது தன்னுடையது என்றுகூட அவருக்குத் தெரியாது.

அந்த நேரம் பார்த்து, மலை உச்சியில் நின்று முதலாளி கூப்பிட்டார். "மேஸ்திரி! வரப்போரத்தில் இன்று சமையலே நடக்கவில்லையே. அந்தச் செடிக்கு நிஜமாகவே காய்ச்சல்தானா? பொய்யென்றால் இனி அவளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது."

சிங்காரி நடுங்கி இலைகளை மூடிக்கொண்டாள். ஓணான் அவளைப் பார்த்தார். ஆடாத அந்தத் தலை, மேலும் கீழும் ஆடியது.

"உறுதியாகத்தானா?"

மறுபடியும் ஆடியது.

"சரி, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்" என்று முதலாளி இறங்கிப்போனார். பூவும் சிரித்துக்கொண்டே உதிர்ந்தது. போகும்போது தன் விதைகளின் காதில் ஒரே ஒரு புத்திமதி சொல்லிவிட்டுப் போனது: "யாராவது தொட்டா, நமக்குக் காய்ச்சல்!"

அன்று தொடங்கியதுதான் இதெல்லாம். சிங்காரியின் பிள்ளைகளைத் தொட்டுப் பாருங்கள், சட்டென்று சுருண்டுவிடுவார்கள். நீங்கள் நகர்ந்ததும் மெல்லத் திறந்து பார்ப்பார்கள். தொட்டாற்சிணுங்கி என்று நாம் பெயரும் வைத்துவிட்டோம். நாம் மட்டும் என்ன, லீவு லெட்டரில் 'சும்மா' என்றா எழுதுகிறோம்? வேலியோரம் போகும்போது ஓணானையும் பாருங்கள். முதலாளி இன்னும் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்து, தலையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே இருக்கும்: ஆமாங்க, காய்ச்சல்தாங்க, ஆமாங்க, காய்ச்சல்தாங்க.