கணக்கில் விழுந்த பந்து

மேகம் இறங்கிப் புல்லில் உட்காரும் ஒரு மலையூரில் ஒரு கோல்ஃப் கிளப் இருந்ததாம். போட்டியில் தோற்ற கிளப் தலைவர், மட்டைப் பை சுமக்கும் போஜன்மேல் பாய்ந்தார்.

"குழிக்குக் கிட்ட இருக்கிற பந்தை நான் தவறவிட்டதே இல்லைன்னு கிளப்போட வருஷக் கணக்கு சொல்லுது. இன்னிக்குத் தவறவிட்டது உன் ராசி. வேற காரணம் இருந்தா காட்டு, இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

போஜன் குழிக்கு ஓரடி தள்ளிப் பந்தை வைத்தான். "போடுங்க ஐயா. விழுந்தா போயிடறேன்."

"விழுந்த மாதிரிதான் சார்!" என்று கூட ஆடுகிறவர்கள் வழக்கம்போலப் பந்தை எடுக்கக் குனிந்தார்கள்.

"எடுக்காதீங்க," என்றான் போஜன்.

தலைவர் தட்டினார். பந்து குழியோரம் சுற்றி விலகியது.

"நீங்க தட்டறதுக்கு முன்னாடியே இவங்க எடுத்துக் கொடுத்ததெல்லாம் விழுந்ததாச் சேர்ந்திருக்குங்க. இன்னிக்குப் போட்டியில யாரும் எடுத்துக் கொடுக்கலை. கணக்குல இருக்கிறது உங்க ஆட்டமில்லை, எங்க பயம்."

ஒவ்வொருவராக நழுவினார்கள். தலைவர் தட்டிக்கொண்டே இருந்தார். ஒருவழியாகப் பந்து விழுந்ததும் தாமே குனிந்து எடுத்தார்.

"நாளைக்குச் சீக்கிரம் வா," என்று சொல்லிவிட்டு நடந்தார்.