இடது இறக்கையின் அச்சு

கோவில்பட்டிக்குத் தெற்கே வறண்ட கம்மாய் ஒன்று உண்டு. மழைக்காலம் போக மிச்ச நாளெல்லாம் அது பொம்மை விமானக்காரர்களுக்குச் சொந்தம். ஞாயிறு விடிந்தால் பைக்கிலும் காரிலும் இறக்கைகளைக் கட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள்.

அந்தக் கூட்டத்துக்குக் குரு ஜெபக்கனி. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவர், நாற்பதைத் தொடாதவர். யாரோ கேலியாகக் குருவம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாளடைவில் கேலி உதிர்ந்துபோய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அவருடைய சீடர் பல் டாக்டர் மாசிலாமணிக்கு ஐம்பத்துச் சொச்சம் வயது. எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று குடைகிற சுபாவம். தொழில் தந்த பழக்கம்.

இந்த வருசம் அவர் தன் கையாலேயே ஒரு ஜெட் கட்டியிருந்தார். வயிற்றுக்குள் விசிறி சுழன்று காற்றைப் பின்னால் தள்ளுகிற ரகம். இறக்கை இரண்டும் பால்சா என்கிற லேசான மரம். அன்றைக்குத்தான் அது முதன்முதலாகப் பறக்க வேண்டும். அன்றைக்கு விட்டால் இல்லை. மேற்கே மழை பிடித்துவிட்டது, மறுநாள் கால்வாயில் தண்ணீர் வந்துவிடும். கம்மாய் நிறைந்தால் அடுத்த கோடை வரைக்கும் ஓட்ட இடம் கிடையாது.

விசிறியை முடுக்குவதற்கு முன்னால் விமானத்தைக் கையால் எறிந்து பார்ப்பது அங்கே வழக்கம். டாக்டர் ஓடிப்போய் எறிந்தார். நேராகத்தான் போனது. வேகம் குறைந்ததும் இடது இறக்கை தொய்ந்தது. விமானம் புரண்டு புல்லில் விழுந்தது.

மறுபடி எறிந்தார். மறுபடி இடது.

"டாக்டரே, கடவாய்ப்பல் வலி போல. ஒரு பக்கமாவே சாயுது!" என்றார் சேர்மத்துரை. அவர் விமானம் ஏற்கெனவே வானத்தில் இருந்தது. அந்தத் தெம்பு.

மாசிலாமணிக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. விமானத்தைத் தூக்கிக்கொண்டு குருவம்மாவிடம் போனார்.

"குருவே, இது எப்படி? ரெண்டு இறக்கையும் இம்மி பிசகாம ஒண்ணுபோல இருக்கு. அப்புறம் ஏன் ஒரு பக்கம் மட்டும் விழுது?"

"ஒண்ணுபோலன்னு எப்படித் தெரியும்?"

"இதோ பாருங்க."

பையிலிருந்து இரண்டு மைக்காத் துண்டுகளை எடுத்தார். இறக்கையின் மேல்வளைவை அப்படியே வெட்டியெடுத்த அச்சு. அதை இறக்கைமேல் நிறுத்திச் சூரியனுக்கு நேரே பிடித்தால், வளைவு பிசகின இடத்தில் வெளிச்சம் கசியும். ஒன்றில் 'இடது' என்றும் இன்னொன்றில் 'வலது' என்றும் எழுதியிருந்தார்.

இடது அச்சை இடது இறக்கையில் நிறுத்தினார். இருட்டு. ஒரு நூல் வெளிச்சம் இல்லை. வலது அச்சு வலது இறக்கையில். அங்கேயும் இருட்டு.

"பல்செட்கூட இவ்வளவு கச்சிதமா நான் பொருத்தினது இல்ல," என்றார்.

குருவம்மா இடது அச்சை வாங்கினார். எழுத்து மறுபக்கம் போகும்படி அதைப் புரட்டி, வலது இறக்கையின் மேல் வைத்தார்.

இறக்கையின் முன்விளிம்புக்குப் பக்கத்தில் வெளிச்சம் ஒரு கீற்றாக வந்தது.

"அது இடதுக்கு உள்ளது," என்றார் டாக்டர் அவசரமாக.

"ரெண்டும் ஒரே படத்தை வச்சு வெட்டினதுதானே?"

"ஆமா. ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி, ஒரே வெட்டு."

"அப்புறம் எப்ப ரெண்டும் வேற வேறயாச்சு?"

டாக்டர் இடது அச்சை வாங்கி அதன் விளிம்பை விரலால் தடவினார். முன்பக்கம் ஓரிடத்தில் விரல் வழுக்கிக்கொண்டு போனது.

"முதல் தடவை வச்சப்ப இந்த இடத்துல லேசா முட்டுச்சு, குருவே. உக்காரல, ஆடிக்கிட்டே இருந்துது. அரத்தால கொஞ்சம் ராவிவிட்டேன்."

"எதை?"

"அச்சை."

சேர்மத்துரை ரிமோட்டைப் பிடித்தபடியே சிரித்தார். "ஏன்யா, இறக்கையை இல்ல ராவணும்!"

"நீர் சும்மா இரும். வாயில பல்செட் முட்டினா எதை ராவுறது? வாயையா? பல்செட்டைத்தானே? முப்பது வருசமா இந்தக் கை அதைத்தானே செய்யுது. என்னைக் கேக்காமலே செஞ்சிருக்கு."

குருவம்மா சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

மாசிலாமணி மேற்கே பார்த்தார். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ரிமோட்ல வலது பக்கம் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுக்கிட்டா இன்னைக்கே பறக்க விட்டுடலாமே, குருவே?"

"பறக்கும்."

"அப்போ விடட்டுமா?"

"உங்க விமானம். விடுங்க. இறங்கும்போது வேகம் குறையுமே, அப்போ என்ன செய்வீங்க?"

டாக்டர் புல்லில் உட்கார்ந்தார். விமானத்தை மடியில் கிடத்தி, சின்னத் திருப்புளியை எடுத்து இடது இறக்கையின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். முதல் தூறல் அவர் வழுக்கையில் விழுந்தது. சேர்மத்துரை தன் விமானத்தை அவசரமாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கு என் கைமேல நம்பிக்கை போச்சு," என்றார் மாசிலாமணி. "நீங்களே ஒரு அச்சு வெட்டிக் குடுங்க. நீங்களே வச்சும் பாருங்க."

"வெட்டித் தர்றேன். வச்சுப் பார்க்கிறது நீங்கதான்."

"ஏன்?"

"என் கையும் அப்படித்தான். நான் கட்டின இறக்கையில முட்டினா நானும் அச்சைத்தான் ராவுவேன், டாக்டரே."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். விளையாட்டுக்குச் சொன்னமாதிரி தெரியவில்லை.

கழற்றிய இறக்கையை மழை படாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டார். கார் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"உப்புத்தாள் வீட்டுல இருக்கு. புது அச்சு வந்ததும் தேய்க்கணும். எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது, குருவே?"

"எங்கே முட்டுதோ, அங்கேயிருந்து."