நாலு புளியங்கொட்டை

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டைக் கண்டராயன் என்றொரு அரசன் ஆண்டான். நல்லவன்தான், ஆனால் பெரிய எண்ணைக் கேட்டால் மயங்கிவிடுவான்.

அந்த நாட்டு ஏரிக்கு மதகோடு புதுக்கரை கட்ட லட்சத்து இருபத்தோராயிரத்து ஐந்நூறு பொன் வேண்டும். ஊர் ஊராகத் திரட்டியும் லட்சம்தான் சேர்ந்தது. அதை ஓராண்டு வட்டிக்கு விடுவதென்று முடிவாயிற்று. கிழக்குக் கடைவீதி வட்டிக்கடை ஆண்டுக்கு நூற்றுக்கு இருபத்தொன்று தருவதாகச் சொன்னது. மேற்குக் கடை இருபதுதான் என்றது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை முதலோடு சேர்த்துவிடுமாம்.

கிழக்குக் கடை பொக்கிஷ அதிகாரி திருமேனியின் மைத்துனருடையது. அமைச்சர் பூவராகரோ மேற்கே போடலாம் என்றார். அவரைக் கண்டாலே திருமேனிக்கு ஆகாது. இருபத்தொன்று பெரிதென்று குழந்தைக்கும் தெரியும், அமைச்சருக்குத் தெரியவில்லையே என்று சபையைச் சிரிக்க வைத்தார்.

பூவராகர் அசையவில்லை. மேற்குக் கடைதான் என்று ஒரே பிடியாக நின்றார். அரசனுக்கு எரிச்சல் வந்தது. பதவியைப் பணயம் வைப்பீரா என்று கேட்டான். வைத்தார்.

அந்தப்புரத்துப் பெண்கள் பல்லாங்குழி ஆடும் புளியங்கொட்டை மூட்டைகள் சபைக்கு வந்தன. எண்ணும் வேலையை அமைச்சர் திருமேனிக்கே கொடுத்தார். கடைக்கு ஆயிரம் கொட்டை என்று இரண்டு குவியல். கிழக்குக் குவியலில் ஆண்டு முடிவு வட்டி இருநூற்றுப்பத்து விழுந்தது, வேலை முடிந்தது. மேற்குக் குவியலில் முதல் மூன்று மாதத்துக்கு ஐம்பது. அடுத்த வட்டி அந்த ஐம்பதுக்கும் சேர்த்து.

"அரைக்கொட்டை வருகிறதே?" என்றார் திருமேனி.

"விட்டுவிடும். உம் மைத்துனருக்கே லாபமாக இருக்கட்டும்."

நாலு முறை வட்டி சேர்ந்தபின் கிழக்கில் ஆயிரத்து இருநூற்றுப்பத்து, மேற்கில் ஆயிரத்து இருநூற்றுப் பதினாலு. திருமேனி மறுபடி எண்ணினார். அதேதான்.

"நாலு கொட்டைக்காகவா பதவியைப் பணயம் வைத்தீர்?" என்றான் அரசன்.

"விட்ட துணுக்குகளையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு ஐந்தரை, மன்னா. லட்சத்துக்கு ஐந்நூற்றைம்பது. கிழக்கே போட்டால் ஐந்நூறு குறையும். மதகில்லாத கரையைக் கட்டிவிட்டு மழைக்கு என்ன பதில் சொல்வோம்?"

அரசனுக்கு வெட்கமாகிவிட்டது. பணம் மேற்குக் கடைக்குப் போனது. இனி எந்தக் கடையும் வெறும் வட்டி எண்ணைச் சொல்லி ஆள் பிடிக்கக் கூடாது, நூறு பொன்னை ஓராண்டு தொடாமல் வைத்தால் முடிவில் கையில் என்ன வரும் என்பதையே சொல்ல வேண்டும் என்று பறையறைந்தார்கள். மறு ஆண்டு மதகோடு கரை எழுந்தது.

கொட்டை எண்ணிய அன்றே, சபை கலையும்போது அரசன் திருமேனியை அருகில் அழைத்திருந்தான்.

"உம் பேச்சைக் கேட்டுப் போன வாரம் அரசியின் சேமிப்பையும் கிழக்கே போட்டுவிட்டேன். விஷயத்தை அவளிடம் நீரே போய்ச் சொல்லும்."

வேண்டுமானால் சிறைக்குப் போகிறேன் என்று திருமேனி கெஞ்சிப் பார்த்தார். அரசன் சம்மதிக்கவில்லை.