வராத காய்ச்சலைத் தட்டில் வைத்துக் காட்டிய கதை

எதிரிப் படைக்கு அஞ்சாமல் தும்மலுக்கு அஞ்சிய ராஜா ஒருவர் முன்னொரு காலத்தில் நாடாண்டு வந்தார். அவர் பெயர் கீர்த்திவளவர். ஒரு மழைக்காலத் தொடக்கத்தில், பக்கத்து நாட்டு ராஜா குளிர்காய்ச்சல் கண்டு இறந்துபோனார் என்று சேதி வந்தது. அன்றோடு நம் ராஜாவுக்குத் தூக்கம் போயிற்று. மறுநாள் காலையில் சபையைக் கூட்டினார்.

"இனி நம் நாட்டில் யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது. இது என் ஆணை!"

"ஆஹா, ஆஹா!" என்றது சபை.

அரண்மனை விதூஷகன் சாத்தப்பன் மட்டும் கையைத் தூக்கினான். "மகாராஜா, இந்த ஆணையைக் காய்ச்சலிடம் யார் போய்ச் சொல்வது?"

"நான் சொல்கிறேன்" என்று எழுந்தார் அரண்மனை வைத்தியர் அமிர்தலிங்கம். "அரசே, என்னிடம் வச்சிரகவச லேகியம் இருக்கிறது. தினம் காலையில் நெல்லிக்காய் அளவு உண்டால் போதும். காய்ச்சல் நம் எல்லைக்கல்லைக் கூடத் தாண்டாது."

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து ஊரே அரண்மனை வாசலில் வரிசையில் நின்றது. லேகியம் தார் போலக் கறுத்திருந்தது. வாயில் வைத்தால் நாக்கு மரத்துப்போகும். குழந்தைகள் துப்பின, தாய்மார் திட்டினார்கள், காவலர்கள் அதட்டினார்கள். மழையும் வந்தது. காய்ச்சலும் வழக்கம் போல வந்தது.

ராஜா வைத்தியரைக் கூப்பிட்டுக் கேட்டார். வைத்தியர் கொஞ்சமும் அசரவில்லை. "காய்ச்சல் வந்தவர்கள் பத்தியம் முறித்தவர்கள், அரசே. அரச ஆணையை மீறியவர்கள்" என்றார். உடனே காய்ச்சல்காரர்களை எல்லாம் பிடித்துச் சிறையில் போட உத்தரவாயிற்று.

அப்படிப் பிடிபட்டவர்களில் ஒருத்தி செங்கமலம். அரண்மனைத் துணி வெளுப்பவள். உடம்பு வெடவெடவென்று நடுங்க, சபை நடுவில் நின்றாள்.

"தயிர் சாப்பிட்டாயா?" என்றார் வைத்தியர்.

"எங்க வூட்டுல மாடே கெடையாதுங்க சாமி. தயிருக்கு நான் எங்க போவேன்?"

"மோர் குடித்திருப்பாய்."

"மோரும் மாட்டுலேர்ந்துதானே சாமி வருது?"

"அப்படியானால் மனத்தில் சந்தேகத்தோடு உண்டிருப்பாய். சந்தேகம் மருந்தை முறித்துவிடும்."

"அந்தக் கசப்புல கண்ணுல தண்ணி வந்துச்சுங்க. சந்தேகப்பட ஏதுங்க நேரம்?"

சாத்தப்பனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எழுந்து வைத்தியரின் முன் போய் நின்றான்.

"வைத்தியரே, ஒரு விளக்கம் வேண்டும். லேகியம் தின்று காய்ச்சல் வராதவர்?"

"லேகியத்தின் மகிமை."

"தின்றும் காய்ச்சல் வந்தவர்?"

"பத்தியம் முறித்தவர்."

"தின்னாமலே காய்ச்சல் வராதவர்?"

"பக்கத்து வீட்டார் தின்ற பலன்."

"சரி ஐயா. லேகியம் பலிக்கவில்லை என்று நீர் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் என்ன நடக்க வேண்டும்?"

வைத்தியர் சற்று யோசித்தார். "அப்படி ஒன்று நடக்கவே நடக்காது" என்றார்.

சாத்தப்பன் தலையில் அடித்துக்கொண்டான். சபையில் சிலர் சிரித்துவிட்டார்கள். ராஜாவுக்கு முகம் சிவந்தது. இந்தத் தருணத்துக்காகத்தான் அமைச்சர் வீரபத்திரர் வெகு நாளாகக் காத்திருந்தார். ராஜா தாயம் ஆட எப்போதும் சாத்தப்பனையே கூப்பிடுகிறார் என்ற எரிச்சல் அவருக்கு.

"அரசே, விதூஷகர் பெரிய ஆராய்ச்சியாளராகிவிட்டார். அவரே ஆராயட்டுமே! லேகியம் தடுத்து நிறுத்திய காய்ச்சல் எவ்வளவு என்று தை பிறப்பதற்குள் இந்தச் சபைக்குக் கொண்டுவந்து காட்டட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "சாத்தப்பா! வராத காய்ச்சலை என் கண்ணால் நான் பார்க்க வேண்டும். நீ தோற்றால், சிறையில் இருக்கும் காய்ச்சல்காரர்களையும் கூட்டிக்கொண்டு எல்லையைத் தாண்ட வேண்டும்."

வந்த காய்ச்சலையே யாரும் கையில் பிடித்ததில்லை. வராததை எங்கே போய்ப் பிடிப்பது? சாத்தப்பன் செங்கமலத்தைப் பார்த்தான். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"ஆகட்டும் மகாராஜா. வராத காய்ச்சலைப் பிடிக்க ஒரு வலை வேண்டும். கோட்டைக் காவலர்கள் அத்தனை பேரையும் மழைக்காலம் முழுக்க எனக்குத் தர வேண்டும். தங்கள் தாயக்கட்டையையும் தர வேண்டும்."

"தாயக்கட்டை எதற்கு?"

"தாங்கள்தான் உருட்டப் போகிறீர்கள்."

தாயம் என்றால் ராஜா மறுப்பாரா? காவலர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ராஜா உருட்டினார். ஒற்றை விழுந்தவன் ஒரு பக்கம், இரட்டை விழுந்தவன் மறுபக்கம். நடுவே வைத்தியர் ஓடிவந்து, "இந்த நோஞ்சான் எனக்கு வேண்டாம், அந்தத் தடியனை என் பக்கம் அனுப்புங்கள்" என்றார். "எது உம் பக்கம் என்றே உமக்குத் தெரியப் போவதில்லை, உட்காரும்" என்றான் சாத்தப்பன். அடுத்து ராஜாவே தம் செல்லக் குதிரைக்காவலனுக்குக் கட்டையைத் திருப்பி வைக்கப் பார்த்தார். "மகாராஜா, விழுந்தது விழுந்ததாக இருக்கட்டும்" என்று கும்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சாத்தப்பனுக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

பிறகு புளி, கருப்பட்டி, வேப்பிலை இவற்றோடு நாக்கு மரக்கக் கிராம்பும் சேர்த்து, லேகியம் போலவே கறுப்பாக ஒரு உருண்டையைச் சமையற்கட்டில் கிண்டச் சொன்னான். அதையும் அசல் லேகியத்தையும் பட்டத்தரசியிடம் கொடுத்தான். அரசி இரண்டு ஜாடிகளில் தம் கையாலேயே நிரப்பி, ஒன்றில் சூரியனும் மற்றதில் சந்திரனும் வரைந்து அனுப்பினார். எதில் எது என்று அரசியைத் தவிர யாருக்கும் தெரியாது. சாத்தப்பனுக்கும் தெரியாது. ஒற்றைக்காரர்களுக்குச் சூரிய ஜாடி, இரட்டைக்காரர்களுக்குச் சந்திர ஜாடி. சோறு, தண்ணீர், காவல் எல்லாம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

"யாருக்குக் காய்ச்சல் என்று நாடி பிடித்துச் சொல்வதும் நீரே" என்று வைத்தியரிடம் சொன்னான். "பிறகு நான் பொய் சொன்னேன் என்று ஆகக்கூடாது."

மழை கொட்டிய காலமெல்லாம் அவனுக்கு நிம்மதி இல்லை. காவலர்கள் உருண்டையை மாற்றித் தின்னப் பார்த்தார்கள். அமைச்சர் சமையற்கட்டில் நுழைந்து துருவினார். அங்கே விவரம் கிடைக்காமல் அரசியிடமே போய்க் கேட்டார். "மகாராஜா கேட்டாலே சொல்லாததை உமக்குச் சொல்வேனா?" என்று அரசி அனுப்பிவிட்டார். உண்மையில் மகாராஜாவும் கேட்டிருந்தார். இதற்கிடையே சாத்தப்பன் தினமும் சிறைக்குக் கஞ்சி கொண்டுபோனான். செங்கமலத்துக்குக் காய்ச்சல் விட்டது. "காச்சல் போயிருச்சு, ஆனா உள்ள போட்டது போட்டதுதான்! வெளுக்காத துணி அங்க மலை மாதிரிக் கெடக்குமே சாமி" என்று அவள் புலம்பினாள்.

தை நெருங்கியது. சபை கூடியது. சாத்தப்பன் ஒரு பெரிய வெள்ளித் தட்டைப் பட்டுத்துணியால் மூடி எடுத்துவந்து ராஜாவின் முன் வைத்தான்.

"தாங்கள் கேட்ட வராத காய்ச்சல் இதில் இருக்கிறது, மகாராஜா. திறப்பதற்கு முன்னால் வைத்தியர் தம் கணக்கைச் சொல்லட்டும்."

வைத்தியர் தொண்டையைச் செருமினார். "இரண்டு பக்கமும் காய்ச்சல் வந்திருக்கிறது, அரசே. ஆனால் சந்திர ஜாடிக்காரர்களில் இரண்டொருவர் குறைவு! அவர்கள் முகத்தில் ஒளியைப் பாருங்கள். அதுதான் என் லேகியம். சந்தேகமே இல்லை."

"நிச்சயமா?" என்றான் சாத்தப்பன்.

"என் குருநாதர் மேல் ஆணை!"

அரசி புன்னகை செய்தார். "வைத்தியரே, சந்திர ஜாடியில் இருந்தது புளியும் கருப்பட்டியும்."

வைத்தியர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "இப்போதுதான் விளங்குகிறது, அரசே. சூரிய ஜாடிக்காரர்கள் பத்தியம் முறித்திருக்கிறார்கள்."

"ஒரே அடுப்பில் வெந்த சோற்றைத் தின்றவர்கள் ஐயா எல்லாரும்!" என்று கத்தினான் சாத்தப்பன். பட்டுத்துணியை உருவினான். தட்டில் ஒன்றுமே இல்லை.

"லேகியம் தடுத்த காய்ச்சல் இவ்வளவுதான், மகாராஜா. ஒன்று விடாமல் கொண்டுவந்துவிட்டேன்."

ராஜா தட்டை எட்டிப் பார்த்தார். நெடுநேரம் யோசித்தார். பிறகு துள்ளி எழுந்தார். "புரிந்துவிட்டது! புளிதான் காய்ச்சலைத் தடுக்கிறது! நாளை முதல் நாடெங்கும் எல்லாரும் புளி உருண்டை தின்ன வேண்டும்!"

சாத்தப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மகாராஜா, நேற்று ஆட்டத்தில் என்னைவிடத் தங்களுக்கு ஒரு தாயம் கூடுதலாக விழுந்தது. காரணம் என்ன?"

"என் மடியில் பூனை படுத்திருந்தது."

"முந்தாநாள் அதே பூனை படுத்திருந்து தாங்கள் தோற்றீர்களே!"

"அன்று அது தூங்கிவிட்டது" என்று சொல்லிவிட்டு ராஜா சட்டென்று நிறுத்தினார். தாம் பேசியது யாருடைய பேச்சு என்று அவருக்கே உறைத்தது. வைத்தியரைப் பார்த்தார். அரசி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"கட்டை அப்படித்தான் ஒன்றிரண்டு இப்படியும் அப்படியும் விழும், மகாராஜா. அதற்குப் பூனையும் காரணமில்லை, புளியும் காரணமில்லை."

ராஜா மெல்லத் தலையாட்டினார். லேகியத்தை நிறுத்தினார். காய்ச்சல் வந்ததற்காக இனி ஒருவரையும் தண்டிக்கக்கூடாது என்று அறிவித்தார். சிறைக்கதவைத் திறந்ததும் செங்கமலம் திரும்பிக் கூடப் பார்க்காமல் துணி வெளுக்கும் துறைக்கு ஓடினாள்.

"அப்படியானால் காய்ச்சலை எதுதான் தடுக்கும்?" என்றார் ராஜா.

"எனக்குத் தெரியாது. தெருக்குட்டைகளில் தேங்கும் தண்ணீர் மேல் எனக்கு ஒரு சந்தேகம். அடுத்த மழைக்குப் பாதித் தெருக்களில் மட்டும் அதை வடித்துப் பார்க்கலாம். எந்தத் தெரு என்று தாங்களே கட்டை உருட்டுங்கள்."

அமைச்சர் வீரபத்திரர் பரபரத்தார். "அருமை! அது பலித்துவிட்டது என்று இன்றே முரசறைந்துவிடலாமா, அரசே?"

சாத்தப்பன் கண்ணை மூடிக்கொண்டான். அப்போது வைத்தியர் மெல்ல அவன் பக்கம் குனிந்து காதில் கேட்டார். "சாத்தப்பா, அந்தப் புளி உருண்டைக்குக் கிராம்பு என்ன அளவு போட்டீர்?"

சபை அடங்கியிருந்த நேரம். அது ராஜாவின் காதிலும் விழுந்துவிட்டது. அவர் சிரிக்கத் தொடங்கினார். கிரீடம் நழுவுமளவு சிரித்தார், கண்ணில் நீர் வழியச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். சாத்தப்பன் அதை வாங்கி மாட்டிக்கொண்டு, வைத்தியர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் அரண்மனை வாசலைத் தாண்டிவிட்டான்.