நாற்பது வேண்டாம்

கடலோரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், ஒரு காலத்தில், பெனிட்டா என்றொரு பெண் இரண்டு பட்டங்களை ஒன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் இயந்திரப் பொறியியல், மதியம் வணிக நிர்வாகம். நடுவில் சாப்பாடு என்று ஒன்று இருப்பது அவளுக்கு எப்போதாவதுதான் ஞாபகம் வரும்.

இரண்டில் ஒன்றை விடுவதென்றால் அன்று ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். விலகல் படிவத்தோடு நூலகத்தில் உட்கார்ந்தவள், எதை விடுவதென்று தெரியாமல் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். ஜன்னல் வழியே உப்புக்காற்று வந்தது. அதோடு மேசைமேல் பேச்சும் கிளம்பியது.

முதலில் வாயைத் திறந்தது வெர்னியர் அளவுகோல். இருப்பதே ஒரு வாய்தானே அதற்கு. தாடையை மூடி, தன்னிடம் பிழை உண்டா என்று பார்த்த பிறகே அளக்கத் தொடங்குவது தன் வழக்கம் என்று பீற்றிக்கொண்டது. கருத்துக்கணிப்புத் தாளுக்குச் சுருக்கென்றது. நான் மீன் சந்தையில் நாற்பது பெண்களைப் பார்த்து வந்தேன், நீ பெட்டியைவிட்டு இறங்கியதுண்டா என்று கேட்டது.

இரண்டுக்கும் நடுவே கிடந்தது பெனிட்டா செய்த மீன் செதில் சுரண்டி. சந்தையில் ஒருத்திகூட அதைச் சீந்தவில்லை. அந்த வருத்தம்தான் அவளைப் படிவம்வரை இழுத்து வந்திருந்தது.

"நாற்பது பேரும் வேண்டாம் என்றார்கள். ஏன் என்றுதான் எனக்குத் தெரியவில்லை" என்றது தாள், குரல் தணிந்து.

"ஈரத்தில் ஊறித் தடித்த விரல்கள் அவர்களுக்கு. என் கைப்பிடி வளையத்துக்குள் நுழையவே இல்லை" என்றது சுரண்டி. "வெர்னியர் அண்ணே, நீங்கள் யார் கையை அளந்தீர்கள்?"

வெர்னியர் தாடையை மூடி, தன்னிடம் பிழை உண்டா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டது.

"பெனிட்டா கையை. இங்கே கிடைத்தது அது ஒன்றுதான்."

தாளுக்குப் பாவமாகிவிட்டது. சந்தைக்கு வழி எனக்குத் தெரியும், வா என்றது.

பெனிட்டா விழித்தபோது மணி நாலு. தன் விரல்களைச் சற்றுநேரம் பார்த்தாள். வெர்னியரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு சந்தைக்கு நடந்தாள்.

"அக்கா, கையக் கொஞ்சம் நீட்டுங்க."

மீன் அறுத்துக்கொண்டிருந்த செலஸ்டின் கையைக் கழுவி நீட்டினாள். "இத்தன நாளா வேணுமா வேண்டாமான்னுதான கேட்ட. கையப் பாக்க இப்பத்தான் தோணிச்சாக்கும்."

வெர்னியருக்கு முதன்முறையாக மீன்வாடை அடித்தது. அளவை எழுதப் பெனிட்டா பைக்குள் துழாவினாள். விலகல் படிவம்தான் கையில் அகப்பட்டது.

ஐந்து மணி கடந்தபோது அதன் பின்பக்கத்தில் பதினொரு பெண்களின் கையளவுகள் ஏறியிருந்தன.