கழற்றி வைத்த காது

பூவராகன் காது மெஷின் செய்யும் கம்பெனி வைத்திருந்தான். மங்கையர்க்கரசி அம்மையாரிடம் சீடனாகிப் பல வருடம் ஆகியும், ஓரிடத்தில் நிலையாக உட்கார மட்டும் அவன் கற்றுக்கொள்ளவில்லை. அன்று ஆசிரமத்துக்குள் வந்ததுமே கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடக்க ஆரம்பித்துவிட்டான்.

அவன் மாட்டிவிட்ட மெஷின் அம்மையாரின் காதில் இல்லை. எதிரே டப்பாவில் கிடந்தது.

"ஏம்மா கழட்டிட்டீங்க?"

அம்மையாருக்குக் கேட்கவில்லை. அவன் பக்கத்தில் போய்க் கத்தினான்.

"போன வாரம் மழை பெஞ்சது எனக்குக் கேக்கல," என்றார் அம்மையார். "முற்றத்துல காயப்போட்ட நெல்லு நனைஞ்சு கிடந்ததைப் பாத்துத்தான் தெரிஞ்சுது. இருந்த கொஞ்சநஞ்சக் காதும் போச்சு, இனி மெஷின் எதுக்குன்னு கழட்டி வச்சுட்டேன். மனக்குறையைச் சொல்லி அழ வர்றவங்களை இனிமே வரவேண்டாம்னு அனுப்பிட்டேன். காது கேக்காதவகிட்ட என்னத்தைச் சொல்லி அழுவாங்க?"

பூவராகன் அவர் காதுப் பக்கம் வாயைக் கொண்டுபோனான்.

"காது போகலைம்மா. நாங்கதான் புது அப்டேட் அனுப்பினோம். இரைச்சலைக் கழிச்சுட்டுப் பேச்சை மட்டும் கேக்க வைக்கும். எல்லார் மெஷின்லயும் அதுவாவே ஏறிடும்."

"மழை இரைச்சலா?"

"மெஷினுக்கு அப்படித்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பயப்படுவாங்கம்மா. வேணுமான்னு கேட்டா வேண்டாம்பாங்க. நல்லது செய்யறதுக்கு எதுக்குப் பஞ்சாயத்துன்னு விட்டுட்டோம்." மறுபடி நடக்க ஆரம்பித்தவன், அவருக்குக் கேட்காது என்று நினைவு வந்து திரும்பி வந்தான். "இப்ப ஊர் ஊரா மெஷினைத் திருப்பி அனுப்பறாங்க. முன்ன இருந்ததைவிட இது நல்லாத்தான் இருக்கு. ஏன் எங்களை நம்ப மாட்டேங்கறாங்க?"

அம்மையார் அவன் நெற்றி வியர்வையைப் பார்த்தார். அவனுக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்து உள்ளே போனார்.

பூவராகனால் பொறுக்க முடியவில்லை. அழ வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதாக அவர் சொன்னது மனசைக் குடைந்தது. சட்டென்று போனை எடுத்தான். டப்பாவில் கிடந்த மெஷினை அங்கிருந்தபடியே பழைய நிலைக்கு மாற்றினான்.

அம்மையார் செம்போடு வந்ததும், "ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்கம்மா," என்று காதருகே சத்தமாகக் கெஞ்சினான்.

போட்டுக்கொண்டார். அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு அவர் கண் கலங்கியது.

"அடுப்புல உலை கொதிக்குது," என்றார்.

பூவராகன் அன்று முதன்முறையாக உட்கார்ந்தான். தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான்.

"இது எப்படித் திரும்பி வந்துச்சு?" என்று கேட்டார் அம்மையார்.

"நீங்க உள்ள போனீங்கல்ல, அந்த நேரத்துல மாத்திட்டேன். போன்லயே முடிஞ்சுபோச்சு."

அம்மையார் மெஷினைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தார்.

அவன் பதறி எழுந்து, அவர் காதருகே குனிந்து கத்தினான். "ஏம்மா? அதான் எல்லாச் சத்தமும் கேக்குதே?"

"கேக்குது. நீ கதவைத் தட்டுற சத்தம்தான் இன்னும் கேக்கல."